முட்டை ஓட்டில் எலும்பு செய்யலாமா? செய்யலாம், ஆனால் அம்மியில் அரைத்து அல்ல

தங்கச்சி, ஒரே மூச்சில் நாலு கேள்வி கேட்டுவிட்டீர்கள். தம்பிக்கு மோட்டார் விபத்தில் முட்டி மூட்டுக்குக் கீழே எலும்பு அமுங்கி நொறுங்கியிருக்கிறது. பிளேட் வைத்து, உள்ளே விழுந்த பள்ளத்தை எலும்புத் துகள் போட்டு நிரப்ப வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அது மாட்டு எலும்பாக இருந்துவிடுமோ என்று அம்மா சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறார். இதற்கு நடுவில் முட்டை ஓட்டிலிருந்து எலும்பு செய்கிறார்கள் என்று யாரோ ஒரு வீடியோ அனுப்ப, மலேசியாவில், இந்தப் புக்கிட் ரோத்தானில் உங்கள் ஒட்டுக்கடையில் ரொட்டி தெலூருக்கும் நாசி லெமாக்கிற்கும் உடைக்கிற முட்டை ஓடு தினமும் பை பையாகக் குப்பைக்குப் போகிறதே, அதை அரைத்துத் தம்பிக்குக் கொடுக்கலாமா, இல்லை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா என்கிறீர்கள்.

நான் டாக்டர் இல்லை. செராமிக் ஆய்வுக்கூடத்தில் உலையோடு வேலை பார்த்தவன். முட்டை ஓடு, மீன் முள், கெராங் என்கிற சிப்பியின் ஓடு எல்லாம் என் கையில் வெந்திருக்கின்றன. அதனால் தம்பியின் காலைப் பற்றிய முடிவு அவருடைய டாக்டருடையது, அந்தத் துகள் எங்கிருந்து வருகிறது, எப்படி உருவாகிறது என்பதை மட்டும் எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

முதலில் அவசரமானது: அரைத்துக் கொடுக்காதீர்கள். முட்டை ஓட்டில் கால்சியம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது, ஒரு கிராம் பொடியில் கிட்டத்தட்ட 380 மில்லிகிராம். ஆனால் வாயில் போடுகிற கால்சியம் வயிற்றில் கரைந்து இரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறதே தவிர, முட்டிக்குக் கீழே உள்ள பள்ளத்தைத் தேடிப் போய் உட்காராது. கடையில் உடைத்த பச்சை ஓட்டில் சால்மோனெல்லா கிருமி இருக்க வாய்ப்பு உண்டு, அளவு மீறினால் சிறுநீரகக் கல் வருகிற ஆபத்தும் உண்டு. டாக்டர் கால்சியம் மாத்திரை எழுதியிருந்தால் அதைக் கொடுங்கள், போதும்.

இப்போது வீடியோ விஷயம். அது பொய் இல்லை. நம் எலும்பின் எடையில் மூன்றில் இரண்டு பங்கு வரை தாதுதான், மீதி கொலாஜன் என்ற புரதமும் தண்ணீரும். அந்தத் தாது ஹைட்ராக்ஸிஅபடைட் என்ற ஒரு கால்சியம் பாஸ்பேட் வகை. பத்து கால்சியத்துக்கு ஆறு பாஸ்பரஸ் என்பது அதன் கணக்கு, அதாவது 1.67 என்ற விகிதம். இந்தத் துறையில் இருப்பவர்கள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற எண் அது. முட்டை ஓடு சுமார் 94, 95 சதவீதம் கால்சியம் கார்பனேட். ஆக கால்சியம் கையில் இருக்கிறது, பாஸ்பரஸை மட்டும் வெளியிலிருந்து சேர்க்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம்.

செய்கிற விதத்தைக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் வீடியோக்களில் இந்த இடத்தைத்தான் மூன்று வினாடியில் தாண்டிவிடுவார்கள். ஓட்டைக் கழுவி, உள்ளே ஒட்டியிருக்கும் வெள்ளைச் சவ்வை உரிக்க வேண்டும். கேட்க எளிது. செய்து பாருங்கள், ஓடு சில்லுச் சில்லாக உடைந்து நகக்கண்ணில் குத்தும், சவ்வு விரலில் ஒட்டிக்கொள்ளும், முழுசாக உரிந்து வராது. சவ்வோடு உலையில் போட்டால் முடி கருகுகிற நாற்றம் ஆய்வுக்கூடம் முழுக்க அடிக்கும், பொடியும் முதலில் சாம்பல் நிறமாகி அப்புறம்தான் வெளுக்கும். உலையை 900 டிகிரி செல்சியஸுக்கு ஏற்றி சில மணி நேரம் வைத்தால் ஓட்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடு பிரிந்து போய் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். 100 கிராம் போட்டால் 56 கிராம்தான் திரும்ப வரும், மீதி 44 கிராம் காற்றில் போய்விட்டது. அந்தச் சுண்ணாம்பில் தண்ணீர் விட்டால் சீறிக்கொண்டு கொதிக்கும், ஆவி அடிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். இதுவரைக்கும் நடந்தது புதுசு ஒன்றும் இல்லை. தமிழ்நாட்டில் கிளிஞ்சலைக் காளவாயில் சுட்டு வெற்றிலைக்கும் வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்பு எடுத்தார்களே, அதே வேலைதான். நம் பாட்டிமார் வெற்றிலைப் பெட்டியில் வைத்திருந்த சுண்ணாம்புக்கும் ஆய்வுக்கூடத்து பீக்கரில் இருக்கிறதுக்கும் இரசாயனப் பெயர் ஒன்றே.

வித்தியாசம் அதற்கு அப்புறம்தான் வருகிறது. இந்தச் சுண்ணாம்புக் கரைசலைக் கலக்கிக்கொண்டே பாஸ்பாரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். சும்மா ஊற்றிவிட முடியாது. பக்கத்தில் அமிலத்தன்மையை அளக்கிற பிஎச் மீட்டர் ஓடிக்கொண்டிருக்கும், எண் 9, 10க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பொறுமை போய் நாலு சொட்டு வேகமாக விட்டால் 1.67 தப்பிவிடும், ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்குப் பதில் வேறு ஏதோ ஒரு கால்சியம் பாஸ்பேட் கீழே படியும். கண்ணுக்கு எல்லாமே வெள்ளைப் பொடி, எது எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. எக்ஸ்-கதிரை அதன்மேல் விட்டுப் படிக அமைப்பைப் பார்த்தால்தான் தெரியும். சரியாக வந்துவிட்டால் ஒரு நாள் அப்படியே ஊறவிட்டு, வடித்து, காயவைத்து, மறுபடியும் 1000 டிகிரிக்கு மேல் சுட வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த ஒரு கணக்கு இருக்கிறது. 100 கிராம் சுத்தமான கால்சியம் கார்பனேட் போட்டால், கிடைக்கிற ஹைட்ராக்ஸிஅபடைட்டும் காகிதக் கணக்குப்படி கிட்டத்தட்ட 100 கிராம். கார்பன் டை ஆக்சைடாகப் போன எடையை பாஸ்பேட் வந்து ஈடுகட்டிவிடுகிறது. ஒரு முட்டை ஓடு சுமார் 5, 6 கிராம். தம்பிக்கு ஆகியிருப்பது போன்ற பள்ளத்தை நிரப்ப 10, 15 கிராம் துகள் என்று வைத்துக்கொண்டால், மூன்று முட்டை. காலையில் முதல் மேசைக்கு நீங்கள் போடுகிற ரொட்டி தெலூரிலேயே அது வந்துவிடும்.

இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள், அங்கேதான் நான் சொல்ல வந்த விஷயமே இருக்கிறது. ஒரு ஆளுக்கு மூன்று முட்டை என்றால், உங்கள் கடையின் ஒரு வாரத்து ஓடே கோலா சிலாங்கூர் மாவட்டத்தில் இந்த மாதிரி அறுவை சிகிச்சைக்குப் போகிற எல்லாருக்கும் போதும் போல இருக்கிறது. அப்புறம் நாடு முழுக்க உடைகிற முட்டை என்ன ஆகும்? குப்பைக்குத்தான் போகும். "உணவுக் கழிவுப் பிரச்சினைக்கு எலும்பு மருத்துவம் தீர்வு" என்று தலைப்பு போடுகிறவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்ப்பதே இல்லை. அடுத்த பக்கம்: கால்சியம் ஒன்றும் கிடைக்காத பொருள் இல்லை. ஈப்போவைச் சுற்றி நிற்கிற சுண்ணாம்புக்கல் குன்றுகள் எல்லாம் அதே கால்சியம் கார்பனேட்தான், அங்கே சுண்ணாம்புத் தொழிற்சாலையும் இருக்கிறது. மருத்துவமனையில் ஒரு சிறு குப்பி எலும்புத் துகளுக்கு நூற்றுக்கணக்கில் வெள்ளி (ரிங்கிட்) போகிறதென்றால் அதில் கால்சியத்தின் விலை சில காசுகூட இருக்காது. மூலப்பொருளை இலவசமாகக் கொடுத்தாலும் குப்பியின் விலை அசையாது.

அப்படியானால் விஞ்ஞானிகள் எதற்குக் குப்பையைக் கிளறுகிறார்கள்? மூன்று காரணம் இருக்கிறது, மூன்றும் நல்ல காரணம்.

ஒன்று, சுத்தம் அதிகமாக இருந்தால் நல்லது என்று இந்தத் துறையில் சொல்ல முடியாது. நம் எலும்புத் தாது சுத்தமான ஹைட்ராக்ஸிஅபடைட் இல்லை, அதில் கார்பனேட், மெக்னீசியம், சோடியம், துளி ஸ்ட்ரான்சியம் எல்லாம் கலந்திருக்கும். முட்டை ஓட்டிலும் மீன் முள்ளிலும் இவை இயற்கையாகவே இருக்கின்றன. பாட்டில் இரசாயனத்தில் செய்தால் இதையெல்லாம் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். மீன் முள்ளில் இன்னொரு சௌகரியம், அதில் பாஸ்பரஸும் ஏற்கெனவே இருக்கிறது. கொழுப்பும் சதையும் போகக் கழுவி 600லிருந்து 1000 டிகிரிக்குள் சுட்டாலே ஹைட்ராக்ஸிஅபடைட் கிடைத்துவிடும், மீன் வகையையும் சூட்டையும் பொறுத்துக் கூடவே பீட்டா டிசிபி என்ற இன்னொரு பாஸ்பேட்டும் வரும். அமிலச் சொட்டு வேலை மிச்சம். பீட்டா டிசிபி உடம்பில் சீக்கிரம் கரையும், ஹைட்ராக்ஸிஅபடைட் வருஷக்கணக்கில் அப்படியே கிடக்கும், அதனால் இரண்டும் கலந்து இருப்பதை டாக்டர்களே விரும்புவதுண்டு.

இரண்டாவது காரணம் துளை. இதை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள், எனக்கோ இதுதான் முக்கியமாகப் படுகிறது. பள்ளத்தில் பொடியைக் கெட்டியாக அடைத்தால் அது கல் மாதிரி கிடக்கும், எலும்பு அதற்குள் போகாது. துளைகள் இருக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும், குறைந்தது 100 மைக்ரான் அகலம் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்), 300 இருந்தால் இன்னும் நல்லது. அப்போதுதான் இரத்தக் குழாய் உள்ளே நுழையும், அதன் பின்னால் எலும்பு கட்டுகிற செல்கள் வரும். இந்த மாதிரி துளையை மனிதன் செய்வது சிரமம், கடல் பிராணிகள் சும்மா செய்கின்றன. 1974இலேயே அமெரிக்காவின் பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் டெல்லா ராய் என்ற அம்மையார் பவளப்பாறையை அழுத்தச் சூட்டில் பாஸ்பேட் கரைசலோடு வேகவைத்து, துளை கலையாமலே ஹைட்ராக்ஸிஅபடைட்டாக மாற்றிக் காட்டினார். அதிலிருந்து மருந்துச் சந்தைக்கே பொருள் வந்தது. ஆனால் பவளத்தை உடைத்துக்கொண்டே இருக்க முடியுமா?

அதனால் பார்வை சோத்தோங் பக்கம் திரும்பியது. கணவாயைக் கழுவும்போது முதுகிலிருந்து வெள்ளையாக, படகு வடிவத்தில் ஒன்றை உருவித் தூக்கிப் போடுவோமே, சித்த வைத்தியத்தில் கடல் நுரை என்று வைத்திருப்பார்கள், அதை ஒரு தடவை குறுக்கே ஒடித்து வெளிச்சத்தில் பாருங்கள். மெல்லிய தட்டுகள் அடுக்கடுக்காக இருக்கும், இரண்டு தட்டுக்கு நடுவில் நுண்ணிய தூண்கள் வரிசையாக நிற்கும், இடைவெளி எல்லாம் சில நூறு மைக்ரான் அளவுக்குள். எலும்பு செல் எதிர்பார்க்கிற அளவு அது. 200 டிகிரி வாக்கில் மூடிய கலத்தில் பாஸ்பேட் கரைசலோடு வைத்தால் வடிவம் மாறாமல் பொருள் மட்டும் மாறிவிடுகிறது. என்னைக் கேட்டால், உணவுக் கழிவில் எலும்புக்கு மிகப் பொருத்தமானது முட்டை ஓடு இல்லை, இதுதான். வீடியோ பார்ப்பவர்களுக்கு முட்டை தெரியும், கடல் நுரை தெரியாது, அதனால் முட்டைக்குப் பெயர் வந்துவிட்டது.

முட்டை ஓட்டை மட்டமாகச் சொல்லவில்லை. அதைச் சுடாமல், அமிலம் விடாமல், நுண்பொடியாகவே ஜெலட்டின் கூழில் கலந்து எலும்பு வளர்க்கலாம் என்று 2019இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் லோவல் பல்கலைக்கழகத்துக்காரர்கள் காட்டினார்கள். கூழில் எலும்பு செல்லை வளர்த்து, எலிகளிலும் வைத்துப் பார்த்தார்கள், ஓட்டுப்பொடி கலந்த கூழில் வளர்ந்த செல்கள் தாதுவைக் கூடுதலாகப் படியவிட்டன. வீடியோ அநேகமாக அந்தச் செய்தியின் பேரனாகத்தான் இருக்கும். கவனியுங்கள், எலி.

நம் பக்கத்துக் கதையும் இருக்கிறது. ஜெராம் கடற்கரையில் கெராங் தின்றுவிட்டு ஓட்டை மலையாகக் குவித்துவிட்டு வருகிறோம் இல்லையா, செர்டாங்கில் உள்ள யூபிஎம் பல்கலைக்கழகத்தில் பல வருஷமாக அதன்மேல் வேலை நடக்கிறது. கெராங் ஓட்டில் இருக்கும் கால்சியம் கார்பனேட் அராகோனைட் என்ற வகை, பவளத்திலும் இதே வகைதான். அதை நானோ துகளாக அரைத்து எலும்புக்குச் சாரம் கட்டவும், மருந்தைச் சுமந்து போகவும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறார்கள். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பக்கம் நெல் ஆலையில் குவிகிற உமியும் இந்தப் பட்டியலில் உண்டு. உமியை எரித்த சாம்பலில் பெரும்பங்கு சிலிக்கா, சூட்டை 700 டிகிரிக்குக் கீழே கட்டுப்படுத்தி எரித்தால் உயிர்க்கண்ணாடி செய்வதற்கு ஏற்ற சிலிக்கா கிடைக்கும். உயிர்க்கண்ணாடி என்பது எலும்போடு தானாகவே ஒட்டிக்கொள்கிற ஒரு கண்ணாடி, 1969இல் லாரி ஹென்ச் என்பவர் ஃபுளோரிடாவில் செய்தது. வியட்நாம் போரில் கை கால் இழந்தவர்களைப் பற்றி பஸ்ஸில் பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு இராணுவ அதிகாரி சொன்னதைக் கேட்டுத்தான் அவருக்கு அந்த யோசனையே வந்ததாம். ஆக, புக்கிட் ரோத்தானை நடுவில் வைத்து ஒரு வட்டம் போட்டால் முட்டை ஓடு, கெராங், சோத்தோங், மீன் முள், உமி எல்லாமே ஒரு மணி நேர ஓட்டத்துக்குள் வந்துவிடுகின்றன.

மூன்றாவது காரணம் உங்கள் அம்மாவின் காரணம். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

கடை ஓட்டை யாராவது வாங்குவார்களா என்றால், எலும்புக்காக வாங்க மாட்டார்கள். ஏன் என்று கோபப்படாமல் கேளுங்கள். உடம்புக்குள் வைக்கிற ஹைட்ராக்ஸிஅபடைட்டுக்கு ஐஎஸ்ஓ 13779 என்று ஒரு தரநிலை இருக்கிறது. ஒரு கிலோவில் ஈயம் 30 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது, காட்மியமும் பாதரசமும் ஐந்தைந்து, ஆர்செனிக் மூன்று. கோழி என்ன தீவனம் தின்றதோ அது ஓட்டில் இருக்கும். கெராங் சேற்றில் கிடந்து தண்ணீரை வடிகட்டித் தின்கிற பிராணி, ஆற்றில் தொழிற்சாலைக் கழிவு கலந்தால் காட்மியம் அதன் உடம்பில்தான் சேரும். இன்றைக்கு ஒரு பண்ணை முட்டை, நாளைக்கு இன்னொரு பண்ணை முட்டை என்று உங்கள் பையில் கலந்து கிடக்கிறது, எந்த ஓடு எந்தப் பண்ணையில் இருந்து வந்தது என்று நீங்களே சொல்ல முடியாது. உடம்பில் வைக்கிற பொருளுக்கு அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்பார்கள். ஆகவே யாராவது இந்தத் தொழிலை உண்மையாகவே ஆரம்பித்தால், ஒட்டுக்கடை ஒட்டுக்கடையாக வந்து பை பொறுக்க மாட்டார்கள். ஒரே தீவனம், ஒரே வகைக் கோழி, முட்டையை இயந்திரத்தில் உடைத்துத் திரவமாக விற்கிற பெரிய ஆலைக்குப் போய் நிற்பார்கள். அங்கே ஓடு டன் கணக்கில் ஒரே இடத்தில் கிடக்கும், சவ்வைப் பிரிக்கவும் இயந்திரம் வைக்க முடியும்.

அதற்கு அப்புறமும் பாதை நீளம். ஒவ்வொரு தொகுதிக்கும் பரிசோதனை, காமா கதிரில் கிருமி நீக்கம், செல்லில் சோதனை, பிராணியில் சோதனை, மனிதரில் சோதனை. மலேசியாவில் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டம் வந்த பிறகு, உடம்பில் வைக்கிற எதையும் மருத்துவக் கருவிகள் ஆணையத்தில் பதியாமல் விற்க முடியாது, பிராணித் திசுவிலிருந்து வருகிற பொருளை ஆபத்து கூடிய வகுப்பில்தான் வைக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் முதுகலை மாணவர் ஒருவர் அழகான பொடி செய்து பட்டம் வாங்கிவிடுவார், பொடி அலமாரியில் இருக்கும். இந்தத் துறையின் பெரிய சாபம் அதுதான். செய்யத் தெரிந்தவர் நிறைய, சந்தை வரைக்கும் இழுத்துக்கொண்டு போகப் பணமும் பொறுமையும் உள்ளவர் குறைவு. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், "பசுமைத் தொழில்நுட்பம்" என்று சொல்லும்போது உலைக்குப் போகிற மின்சாரத்தையும், ஓட்டிலிருந்து பறந்த அந்த 44 கிராமையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை.

உங்கள் ஓட்டுக்கு நல்ல வழி வேண்டுமென்றால் கழுவிக் காயவைத்து நொறுக்கி மிளகாய், கத்தரிச் செடிக்குப் போடுங்கள். நம் பக்கத்து மண் புளித்த மண், சுண்ணாம்பு சேர்ந்தால் அதற்கு நல்லது. மெதுவாகத்தான் கரையும், நைசாக நொறுக்கினால் கொஞ்சம் சீக்கிரம்.

சரி, அம்மா விஷயம். இதை மூடநம்பிக்கை என்று யாரும் சிரிக்க வேண்டாம், அவர் கேட்பது சரியான கேள்வி. எலும்புப் பள்ளத்தை நிரப்ப இன்று டாக்டர்கள் கையில் இருப்பவை பொதுவாக நாலு வழி. முதல் வழி தம்பியின் சொந்த எலும்பே, இடுப்பு எலும்பின் ஓரத்திலிருந்து கொஞ்சம் சுரண்டி எடுத்து வைப்பது. உயிருள்ள செல்லோடு வருவதால் இன்றைக்கும் இதைத்தான் மேலானது என்கிறார்கள். ஆனால் இன்னொரு இடத்தில் வெட்ட வேண்டும், எடுத்த இடம் கொஞ்ச நாள் வலிக்கும், எடுக்கக்கூடிய அளவும் கொஞ்சம்தான். இரண்டாவது தானமாக வந்த மனித எலும்பு. கிளந்தான் குபாங் கெரியானில் யூஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் மருத்துவ வளாகத்தில் 1991லிருந்து தேசியத் திசு வங்கி இருக்கிறது, பதப்படுத்திக் கதிரில் கிருமி நீக்கிக் கொடுப்பார்கள். மூன்றாவது பிராணி எலும்பு, பெரும்பாலும் மாடு. புரதம், கொழுப்பு எல்லாம் நீக்கித் தாதுவை மட்டும் மிச்சம் வைத்தது. பல் டாக்டர்கள் தாடை எலும்புக்கு அதிகம் பயன்படுத்துகிற பயோ-ஓஸ் மாட்டு எலும்பிலிருந்து வருவதுதான், அதன்மேல் மூடுகிற பயோ-கைட் சவ்வு பன்றிக் கொலாஜன். நாலாவது செயற்கை, தாது உப்புகளிலிருந்து ஆலையில் செய்தது. ஹைட்ராக்ஸிஅபடைட், பீட்டா டிசிபி, இரண்டும் கலந்தது, கால்சியம் சல்பேட் எல்லாம் இதில் வரும். கால்சியம் சல்பேட் என்றால் கட்டுப் போடுகிற பிளாஸ்டர் மாவுதான், ஜெர்மனியில் டிரீஸ்மான் என்ற டாக்டர் 1892லேயே அதை எலும்புக் குழியில் நிரப்பியிருக்கிறார்.

அம்மாவுக்கு மாடு வேண்டாம் என்றால் முதல் வழியும் இருக்கிறது, நாலாவதும் இருக்கிறது. அவர் பயப்படுகிற மாதிரி வேறு வழியே இல்லை என்ற நிலைமை இல்லை. இன்னும் சொல்லப்போனால் மலேசியாவில் இது அம்மா ஒருவருடைய கவலை இல்லை. நமக்கு மாடு, பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்குப் பன்றி. அதனால்தான் நம் நாட்டிலேயே உருவான கிரானுமாஸ் என்ற செயற்கை எலும்பு நிரப்பி ஹலால் சான்றோடு வந்தது. ஹலாலான மாடு ஒரு முஸ்லிமுக்குப் பிரச்சினை இல்லை, நமக்குப் பிரச்சினை. ஆகவே "ஹலால்தானே" என்ற பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள், எதிலிருந்து செய்தது என்று தனியாகக் கேளுங்கள். முட்டை ஓடு, மீன், சோத்தோங் மேல் இந்த வட்டாரத்து விஞ்ஞானிகளுக்கு இவ்வளவு ஆர்வம் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம், நான் மூன்றாவது என்று சொன்னது இதைத்தான். கூடவே, 1986இல் இங்கிலாந்தில் பைத்தியமாட்டு நோய் கண்டுபிடித்த பிறகு மாட்டுப் பொருளை எங்கிருந்து வாங்குகிறோம் என்று எல்லா நாட்டிலும் உன்னிப்பாகப் பார்க்கிறார்கள். மீனுக்கு அந்தத் தலைவலி இல்லை.

ஒரு விஷயம் மட்டும் அம்மாவுக்கும் தம்பிக்கும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். பொட்டலத்தில் வருகிற எந்தத் துகளை வைத்தாலும் அது எலும்பு ஆகாது, எலும்பு வளர்வதற்கு இடம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். செராமிக் எல்லாமே அமுக்கினால் தாங்கும், வளைத்தால் பட்டென்று உடையும். எடையைத் தாங்குவது பிளேட்டும் ஸ்க்ரூவும். டாக்டர் கால் ஊன்றாதே என்று சொன்ன காலம் வரைக்கும் ஊன்றக் கூடாது. தம்பி சிகரெட் பிடிப்பவராக இருந்தால் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், நிக்கோட்டின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கி எலும்பு ஒட்டுவதைத் தாமதமாக்கும், வேப் என்கிற மின்சிகரெட்டும் அப்படித்தான். இனிப்பு நீர் (நீரிழிவு) இருந்தால் அளவைக் கட்டுக்குள் வைக்க வேண்டும். முட்டை ஓட்டுப் பொடியால் ஆகாத நன்மை இந்த இரண்டால் ஆகும்.

டாக்டரைப் பார்க்கும்போது வெட்கப்படாமல் கேளுங்கள்: சொந்த எலும்பு எடுக்கப் போகிறீர்களா, இல்லை பொட்டலத்தில் வருவதா, பொட்டலம் என்றால் மூலம் மனிதரா, மாடா, செயற்கையா, அரசாங்க மருத்துவமனையில் இது இலவசமா அல்லது நாங்கள் வாங்கித் தர வேண்டுமா. வாங்கித் தரச் சொன்னால் பெட்டியின் மேல் எழுதியிருப்பதைப் படியுங்கள், மாடு என்றால் பொவைன், பன்றி என்றால் போர்சைன், செயற்கை என்றால் சிந்தெடிக் என்று இருக்கும். சம்மதப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மாட்டு எலும்பு வேண்டாம் என்று அதிலேயே எழுதச் சொல்லலாம். அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரில் பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் இருக்கும், நர்ஸ் அதை உரித்துத் தம்பியின் கோப்பில் ஒட்டுவார். அறுவை சிகிச்சை முடிந்ததும் அதைப் போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.